வெளிநடப்பு

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் தம்பி. அங்கே தகரத்தில் ஓட்டை, வெயில் நேராக மண்டையில் இறங்கும். பெயருக்கு இது சைக்கிள் ஸ்டாண்டு. வியாழக்கிழமை மட்டும் எனக்கு இதுதான் சங்க ஆபீஸ். வாட்ச்மேன் ஒன்றும் சொல்ல மாட்டான். முதலில் சொன்னான், பிறகு அலுத்துப் போய் விட்டுவிட்டான். என்னோடு மோதியவர்கள் எல்லாரும் கடைசியில் அலுத்துப் போனவர்கள்தான்.

பிள்ளை மேலே குழந்தைகள் வார்டிலா? சர்க்கரைதானே? இவனுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் வந்ததிலிருந்து அந்த ஓரத்து ஜன்னலையே அண்ணாந்து பார்க்கிறீர்கள். கையில் இன்னும் மண்கலயம் இல்லை. சர்க்கரை வந்த பிள்ளைகளின் வீட்டுக்கு இங்கே ஒரு சின்னக் கலயம் கொடுப்பார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் இன்சுலின் குப்பியை அதற்குள் வைத்து, வெளியே ஈர மணல் போட்டு, சூடு படாமல் காக்க வேண்டும். வகுப்பு முடித்தவர்களுக்குத்தான் கலயம். ஆக, உங்களுக்கு இன்றைக்குத்தான் வகுப்பு. மணி அடிப்பார்கள். அதுவரை நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் இருளப்பன். தோழர் இருளப்பன் என்று ஒரு காலத்தில் சொன்னால் பஞ்சாலை மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அந்த ஆலை இப்போது கல்யாண மண்டபம். அதை விடுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். இரவு ஷிப்டு முடிந்து வந்து, ஒரு பிரசுரத்தை மனப்பாடம் ஆகும்வரை படிப்பேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். என் பிரசுரத்தில் முதல் வரியிலேயே கோரிக்கை இருக்கும். வாங்குகிறவன் ரெண்டாவது வரிக்கு வருவதற்குள் கசக்கிப் போட்டாலும் கோரிக்கை அவன் கண்ணில் பட்டிருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பேத்தி பெயர் ஜென்னி. நான் வைத்த பெயர். மகன் வடக்கே லாரி ஓட்டுகிறான், வீட்டுக்கு வருவதே அபூர்வம். மருமகள் சண்முகத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறவள். அப்படியென்றால் பிள்ளை யார் கையில் வளர்ந்தது? என் கையில். அது முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, அப்பா இல்லை. நான் "இன்குலாப்!" என்றால் அது "ஜிந்தாபாத்!" என்னும். வாயில் பல் முளைக்கும் முன்னே, "பாபாத்!" என்று. தெருவே சிரிக்கும். சோறு ஊட்டும்போது, குளிக்க வைக்கும்போது, எங்கே ஓடி ஒளிந்திருந்தாலும், நான் முதல் பாதியைச் சொன்னால் போதும், அடுத்த பாதி எங்கிருந்தாவது வந்து சேரும்.

ஆறு வயதில் பிள்ளை இளைத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, பாயை நனைத்தது. சண்முகத்தாய் சூடு என்று வெந்தயம் கொடுத்தாள். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது, தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தோம். டாக்டர்கள் காப்பாற்றினார்கள். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நன்றி கெட்டவன் இல்லை நான்.

பிள்ளை கண் விழித்த மறுநாள் அந்த நர்ஸ் வந்தாள். மரியபுஷ்பம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், குட்டையாக, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். கட்டிலில் உட்கார்ந்து மருமகளிடம் கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் யார் யார்? காலையில் பிள்ளை என்ன சாப்பிடும்? பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிடும்? உனக்கு எண் வாசிக்கத் தெரியுமா? ஊசி என்றால் பயமா? சிரித்துச் சிரித்துக் கேட்டாள்.

தம்பி, இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வேலைநிறுத்தக் காலத்தில் மேனேஜர் தொழிலாளிகளை ஒவ்வொருவராக ரூமுக்குள் கூப்பிட்டு இப்படித்தான் கேட்பான். வீட்டில் எத்தனை பேர், சம்சாரத்துக்கு உடம்பு தேவலையா, பிள்ளை என்ன படிக்கிறான். வெளியே வரும்போது அந்த ஆள் கருங்காலி ஆகியிருப்பான். அதனால் நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். தனியாகக் கேட்டால் பதில் இல்லை. எது கேட்டாலும் சங்கத்தைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். என் வீட்டில் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவனுக்கும் அதே விதிதான்.

சண்முகத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மாமாவக் கேளுங்க சிஸ்டர்" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "சரிய்யா, நீங்களே சொல்லுங்க. பகல்ல பிள்ள யாருகூட இருக்கும்?"

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"பகல்ல பாத்துக்கிடுறவங்களுக்குத்தான்யா மொதல்ல சொல்லிக் குடுக்கணும்."

"எங்கள் வீட்டில் பிள்ளை பொதுச் சொத்து. எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றேன்.

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "எல்லாரும்னா யாரும் இல்லேன்னு அர்த்தம் தாத்தா" என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். தாத்தாவாம்! வாய்த்துடுக்கைப் பாருங்கள். தோழர் என்று சொல்ல வேண்டாம், ஐயா என்பதாவது நிலைத்திருக்க வேண்டாமா?

அந்த வியாழன் வகுப்பு. மேலே அந்த ஓரத்து ஜன்னல் இருக்கிற அறைதான். பாய் விரித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சாத்துக்குடியும் தண்ணீர் ஏற்றிய ஊசியும் கொடுத்தாள். சாத்துக்குடியைப் பிள்ளையின் தொடை என்று நினைத்துக் குத்திப் பழக வேண்டுமாம். சண்முகத்தாய் நன்றாகக் குத்தினாள், தீப்பெட்டி ஆபீஸ் விரல் அல்லவா, நடுங்காது. நான் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தேன். மரியபுஷ்பம் பேச ஆரம்பித்தாள். பேச்சில் குறை சொல்ல மாட்டேன், குரலெடுப்பு இருந்தது.

"ஊசிய ஒரு நேரங்கூட விடப்படாது. காய்ச்சலா, போடணும். கலியாண வீடா, போடணும். பிள்ள அழுதுன்னு விட்டீங்கன்னா, அப்புறம் நீங்க அழணும். நெஞ்சில வச்சுக்கிடுங்க, ஊசி தவறப்படாது."

சொல்லிவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? விரலை நீட்டினாள். "எங்க, தாத்தா, நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

தம்பி, திடல் நிறைய ஜனம் நிற்க, மைக் இல்லாமல் பேசியவன் நான். போலீஸ் வேன் மேலே ஏறி நின்று பேசியவன். என்னை ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறாள், பாயில் உட்கார வைத்து, கையில் ஒரு சாத்துக்குடியைக் கொடுத்து. எழுந்தேன். உழைக்கும் மக்களை முட்டாள்களாக நடத்தும் இந்தப் போக்கைக் கண்டிக்கிறோம், வெளிநடப்பு செய்கிறோம் என்று அறிவித்தேன். சண்முகத்தாய் சாத்துக்குடியோடு முழித்தாள்.

"முடியட்டும் மாமா. பாதிதான் ஆயிருக்கு."

"எழுந்திரு."

எழுந்தாள். வேறு யாரும் எழவில்லை. அவ்வளவு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் சொரணை இல்லை. மரியபுஷ்பம் படிக்கட்டு வரை ஓடி வந்தாள். "கோவத்த என்மேல வச்சுக்கிடுங்கய்யா. இன்னும் பாக்கி இருக்கு. கேட்டுட்டுப் போங்க." பாக்கியாம்! வெளிநடப்பு செய்கிறவனை எந்த நிர்வாகமும் இப்படித்தான் கூப்பிடும். பேச்சுவார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறது, உட்காருங்கள். உட்கார்ந்தால் போராட்டம் செத்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கேதான் என் கேள்வி. முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டாமா? என் பிரசுரத்தில் முதல் வரியில் கோரிக்கை என்று சொன்னேனே, ஏன்? கடைசியில் வைத்தால் கேட்காமல் போகிறவன் இருப்பான் என்று எனக்கே தெரிகிறது, படித்த நர்ஸுக்குத் தெரிய வேண்டாமா? சொல்லுங்கள். மறுபடியும் ஜன்னலைப் பார்க்கிறீர்கள். சரி.

அதற்குப் பிறகு அவள் பிளவு வேலையில் இறங்கினாள். நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மருமகளைத் தனியாகப் பிடித்து என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். கலயத்தையும் கொடுத்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் துணி மூடி வைத்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சண்முகத்தாய் மெல்ல ஆரம்பித்தாள். "மாமா, ஊசி போட்டா உடனே சாப்பாடு குடுத்துரணுமாம். சாப்பிடலேன்னா சர்க்கர ஒரேயடியா எறங்கிருமாம். பிள்ளைக்கு வேர்த்தா, கை நடுங்கினா, சீனியோ வெல்லமோ வாயில..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இது வகுப்பில் சொன்னதா, தனியாகச் சொன்னதா?"

"தனியாத்தான் மாமா."

"தனியாகச் சொன்னதை நாம் ஏற்க முடியாது. எல்லார் முன்னாலும், மரியாதையாக, மறுபடியும் வகுப்பு வைத்துச் சொல்லட்டும். அப்போது ஏற்போம்."

"மாமா, இது பிள்ள விசயம் மாமா."

"எல்லாமே ஏதோ ஒரு பிள்ளை விஷயம்தான் சண்முகத்தாய்."

நல்ல வாக்கியம் இல்லையா? அப்போதே தோன்றியது. அடுத்த பிரசுரத்தில் அதைப் போட்டேன். "பெற்றோரை அவமதிக்காதே!" என்று தலைப்பு, ஆஸ்பத்திரி வாசலில் ஒருநாள் அடையாள உண்ணாவிரதம். பழைய ஆட்கள் மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். ரொம்ப காலம் கழித்து ஒரு பந்தல். சாமியானா கட்டுகிற பையன், "என்ன விசேசம்" என்று கேட்டான். விசேசமாம்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. சண்முகத்தாய்க்கு ஆபீசில் லீவு தரவில்லை. விடியற்காலம் பிள்ளைக்கு ஊசி போட்டாள், தூக்குவாளியில் இட்லி வைத்தாள். "மாமா, போன ஒடனே குடுத்துருங்க. மறந்துறாதீங்க. நான் போட்டுட்டேன், பாத்துக்கிடுங்க" என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனாள். நான் மறக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பந்தலில் உட்கார்ந்தவுடன் வாளியைத் திறந்து பிள்ளை முன்னால் வைத்தேன்.

ஜென்னி என்னைப் பார்த்தது. என் கழுத்து மாலையைப் பார்த்தது. "நீ சாப்பிடலயா தாத்தா?"

"தாத்தா இன்னைக்கு உண்ணாவிரதம்."

"அப்ப நானும் உண்ணாவிரதம்."

மூன்று தோழர்களும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். "இருளப்பா, உன் ரத்தம்டா" என்றார். நான் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன், நீ சின்னப் பிள்ளை, சாப்பிடலாம் என்று. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டது. "நீ ஒரு வாய் தின்னு, நானும் தின்னுறேன்." அதுதான் அது வைத்த நிபந்தனை.

ஒரு வாய். தெரியும், நீங்கள் நினைப்பது தெரிகிறது. எதிரே ரெண்டு போலீஸ். கேட்டில் வார்டுபாய்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். உண்ணாவிரதப் பந்தலில் இட்லி தின்ற இருளப்பன் என்று ஒரு பெயர் வந்தால், அது எனக்கு மட்டுமா? இந்த ஊரில் இதுவரை நடந்த அத்தனை போராட்டத்துக்கும் வரும். வாளியை மூடிவைத்தேன்.

பிள்ளை உற்சாகமாகத்தான் இருந்தது. நான் முதல் பாதி, அது ரெண்டாம் பாதி. வெயில் ஏற ஏற அதற்கு வேர்த்தது. எல்லாருக்கும்தான் வேர்த்தது. பிறகு அது முதலிலேயே ஜிந்தாபாத் என்றது. நான் இன்குலாப் சொல்லுமுன்னே. விளையாடுகிறது என்று சிரித்தோம். என்னைப் பார்த்து, "அம்மா" என்றது. பிறகு மடியில் சாய்ந்துவிட்டது. தூங்கட்டும் என்று துண்டால் விசிறினேன். சாயந்தரம் உண்ணாவிரதத்தை முடிக்க எலுமிச்சம்பழச் சாறு கரைத்து, சீனி போட்டு, கூஜாவில் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ஈ மொய்க்கிறதென்று அதன்மேல் என் பிரசுரம் ஒன்றைப் போட்டு மூடினேன்.

மரியபுஷ்பம் டூட்டி முடிந்து வெளியே வந்தாள். பந்தலைப் பார்க்காமல்தான் போனாள். பிறகு நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள். "சட்டை ஏன்யா இப்படி நனைஞ்சிருக்கு? தாத்தா, பிள்ள சாப்பிட்டுச்சா? ஊசி போட்டாச்சா?" என்று கத்திக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தாள். உண்ணாவிரதப் பந்தலுக்குள் நிர்வாகத்து ஆள் நுழைந்தால் என்ன அர்த்தம்? எங்கள் காலத்தில் போலீஸ் இப்படித்தான் நுழைந்து, ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றும். தோழர்கள் எழுந்து கைகோத்து நின்றார்கள். பழக்கம் தம்பி. சொல்லித்தரவே வேண்டாம். நான் கோஷம் கொடுத்தேன், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரம்தான் தடுத்தோம். கொஞ்ச நேரம்தான்.

அவள் குனிந்து கைகளுக்கு அடியில் புகுந்து, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒற்றைச் செருப்பு பந்தலில் கிடந்தது. அவளுடையது.

உயிர் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். உயிர் இருக்கிறது. மூளைக்குச் சர்க்கரை போகாமல் ரொம்ப நேரம் இருந்துவிட்டது என்கிறார்கள். கண் திறக்கிறது. விழுங்குகிறது. தலை நிற்கவில்லை. பேச்சு... பேச்சு வரவில்லை. ஒருநாள் வருமா என்று நான் கேட்டேன், டாக்டர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அன்று சண்முகத்தாய் வேலையிலிருந்து நேராக வந்தாள், விரலெல்லாம் தீக்குச்சி மருந்து. வார்டுக்குப் போகுமுன் பந்தலுக்கு வந்தாள். தூக்குவாளியை எடுத்துத் திறந்து பார்த்தாள். மூடினாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் போனில், "நீங்க அவ இருக்கிற பக்கம் போகாதீங்கப்பா" என்றான். பிள்ளையோடு அவள் கடம்பூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பேசாமல் இருக்க நான்தான் அவளைப் பழக்கினேன், அந்த வைராக்கியம் வேறு யாருக்கும் வராது. என்ன, அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த நர்ஸ் கெடுத்துவிட்டாள்.

விசாரணை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். இந்த அட்டையில் எழுதியிருப்பது அதுதான். மழையில் எழுத்து கரைந்துவிட்டது, அடுத்த வாரம் புதுசு எழுத வேண்டும். ஊசி தவறக் கூடாது என்றார்கள், தவறவில்லை. சொன்னதைச் செய்தோம். செய்தவன் மேல் குற்றமா, சொன்னவர்கள் மேலா? அந்த மூன்று தோழர்களும் இப்போது நான் போனால் வீட்டில் இல்லை என்று பேரனை விட்டுச் சொல்கிறார்கள். இப்படித்தான் இயக்கங்கள் அழிகின்றன.

அதோ, பாருங்கள். அந்தக் கேட்டைப் பாருங்கள். நீலப் புடவை. இடுப்பில் ஒரு பெரிய பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போகிறாளே, அவள்தான். இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு வியாழனும் மருந்து வாங்க வருகிறாள், வாங்கிக்கொண்டு போகாமல் அந்த வகுப்பில் முன் வரிசையில் உட்காருகிறாள். அவளுக்கு இனிமேல் அங்கே என்ன படிப்பு? கேட்டால், மரியபுஷ்பம் பாதி சொல்லிவிட்டு நிறுத்துவாளாம், மீதியை இவள் எழுந்து சொல்லுவாளாம், புதிதாக வந்தவர்களுக்கு. வாட்ச்மேன் சொன்னான். என் மருமகள் நிர்வாகத்தின் மேடையில் பேசுகிறாள்.

மணி அடித்துவிட்டது. எழுந்திருக்கிறீர்களா? உங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால்... சரி, அது உங்கள் சுயமரியாதை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு உதவி. நடுவில் எழுந்து வராதீர்கள். அவள் பிள்ளையை ஜன்னல் பக்கம் சுவரில் சாய்த்து உட்கார வைப்பாள், வகுப்பு முடிகிறவரை அங்கேதான் இருக்கும். நீங்களும் ஜன்னல் பக்கமே உட்காருங்கள். நான் இங்கிருந்து ஒரு கோஷம் போடுவேன். எப்போதும் போடுவதுதான். வாட்ச்மேன் ஒன்றுக்கு மேல் விட மாட்டான், அதனால் எப்போது என்று சொல்ல முடியாது, ஆரம்பத்தில் போட்டாலும் போடுவேன், கடைசியில் போட்டாலும் போடுவேன். நீங்கள் கடைசி வரைக்கும் இருந்தால்தான் சரிப்படும். நான் போட்டவுடன் பிள்ளையின் வாயைப் பாருங்கள். சத்தம் வர வேண்டும் என்று இல்லை. உதடு அசைந்தாலும் போதும்.

அதை மட்டும் கீழே வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். போன வாரம் ஒருத்தரை அனுப்பினேன். கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கேட் வழியாகவே போய்விட்டார். அதற்கு முந்திய வாரம் அனுப்பினவரும் அப்படித்தான்.